கோயில் ஆடு தின்ற பொட்டணம்

மகனே,

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: வைகைக்கு வடகரையில், செல்லூர் நெசவாளர் சந்து ஒன்றில், போன வெள்ளிக்கிழமை காலை கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த எனக்கு மீசை முளைத்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவள் என் அம்மா. சாயத் தொட்டிக் கறை என்று நினைத்து முதலில் முந்தானையால் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. அய்யா தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து, என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, பாவு நூலைச் சோதிப்பது போல மேலுதட்டை இழுத்துப் பார்த்தார். அறாத நூல். மீசைதான் என்று தீர்ப்பாயிற்று. மீசை முளைத்தால் நியாயமாக நாவிதரை அழைக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஜோசியரை அழைத்தார்கள். யானைக்கல்லில் கடை விரித்திருக்கும் சாமிக்கண்ணு ஜோசியர் வந்தார், வெற்றிலை போட்டார், என் ஜாதகத்தைத் தூரத்தில் பிடித்தும் பக்கத்தில் பிடித்தும் பார்த்தார். "பையனுக்குக் கல்யாண யோகம் எட்டிப் பாக்குது. வாரிசு ஒண்ணே ஒண்ணு. ஆண் வாரிசு. ஆனா அப்பன் பேச்சை அது கேக்காது" என்றார். அந்த அது நீதான். மரியாதைக் குறைவுக்கு அவர்தான் பொறுப்பு, நான் அல்ல.

நேரில் சொன்னால் கேட்கமாட்டாய் என்பதால் எழுதிவைக்கிறேன். உனக்கு விவரம் தெரிந்து, தோளுக்கு மிஞ்சி வளர்ந்து, இதைப் படிக்கிற காலத்தில் எனக்குத் தலை நரைத்துப் புத்தி வந்திருக்கக்கூடும். அது வருவதற்குள் எழுதிவிடுவது உனக்கு நல்லது. உன் அம்மா யார் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. இந்நேரம் எங்கேயாவது யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டிருப்பாள்.

எங்கள் வீட்டில் இரண்டு வகைக் கட்டங்கள் உண்டு, மகனே. அய்யா சேலையில் போடுகிற கட்டம் ஒன்று, ஜோசியர் தாளில் போடுகிற கட்டம் ஒன்று. முதல் கட்டம் பத்து வெளுப்புக்கும் சாயம் போகாது. இரண்டாவது வாசற்படி இறங்குவதற்குள் வெளுத்துவிடும். ஆனால் முதல் கட்டத்தைப் போட்டவரை வியாபாரி வாசலில் நிற்கவைத்து விலை குறைக்கிறான். இரண்டாவது கட்டத்தைப் போட்டவருக்குப் பலகை போட்டு மோர் கொடுக்கிறார்கள். தறி கட்ட நாள், பாவு ஓட்ட நேரம், பல் விளக்கத் திசை, எல்லாவற்றுக்கும் இந்த ஊருக்கு ஒரு ஆள் உத்தரவு தர வேண்டியிருக்கிறது. செவ்வாய்க்கிழமையானால் ராமேஸ்வரம் போகிற ரயில் ராகுகாலத்தில்தான் மதுரை ஸ்டேஷனை விட்டுப் புறப்படுகிறது. ராகுகாலத்தில் வாசல் தாண்டாதவர்கள் அம்புட்டுப் பேரும் அந்த ரயிலுக்கு முக்கால் மணி முன்னதாகவே போய் உட்கார்ந்துகொண்டு, "நாங்க நல்ல நேரத்துலயே கிளம்பிட்டோம்" என்கிறார்கள். வண்டி கெட்ட நேரத்தில் கிளம்புகிறதே என்று கேட்டால், "அது வண்டியோட ஜாதகம்டா" என்கிறார்கள். வைகை மணலில் சாயங்காலப் பகுத்தறிவுக் கூட்டங்களில் இந்த மூடத்தனத்தை மைக் இல்லாமலே கிழிக்கிறார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுகிறவன் என்பதை உனக்குப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

கை தட்டியதோடு நிற்கவில்லை, பரீட்சையும் வைத்தேன். எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது பக்கத்து வீட்டுப் பால்காரர் சங்கிலியின் பசு ஒரு காளைக்கன்று போட்டது. கன்று தரையில் விழுந்த நேரத்தையும் நாளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு சாமிக்கண்ணு ஜோசியரிடம் போனேன். "எங்க பெரியம்மா மகனுக்குப் பிள்ளை பிறந்திருக்கு, பலன் சொல்லுங்க" என்றேன். ஜோசியர் விரல் மடக்கினார், கண் மூடினார். "அடேயப்பா! வாகன யோகம் இருக்கு. இவனை நம்பி நாலு குடும்பம் பிழைக்கும். கழுத்துல ஏறுற பாரத்தை முகம் சுளிக்காமச் சுமப்பான். கல்விதான் கொஞ்சம் மட்டு" என்றார். சந்து முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் சங்கிலி அண்ணன் கன்றைத் தடவிக்கொண்டே, "எல்லாம் சரியாத்தானேடா சொல்லியிருக்காரு?" என்றார். மறுநாள் அவரே ஜோசியரிடம் போய்த் தன் ஜாதகத்தைக் காட்டினார். இந்த ஊரை நான் ஏன் மதிப்பதில்லை என்று இப்போது உனக்குப் புரியும்.

இவ்வளவும் விளையாட்டு. விளையாட்டில்லாத சங்கதி உன் அத்தை பேச்சியம்மாள், என் அக்கா. பெயருக்கேற்ற வாய். அவள் பிறந்த அன்று எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது, இப்போதும் கிடையாது. பஞ்சாலைச் சங்குதான் எங்களுக்கு மணி. பிள்ளை விழுந்தபோது சங்கு ஊதியது என்று அம்மா சொல்கிறாள். ஊதி ஓய்ந்துவிட்டது என்று மருத்துவச்சி சொன்னாளாம். அய்யாவுக்குத் தறிச்சத்தத்தில் சங்கே கேட்கவில்லை. இந்த மூன்று சாட்சிகளை வைத்துக்கொண்டு ஜோசியர் என்ன சொன்னார் தெரியுமா? கேட்டை நட்சத்திரம் முடிந்து மூலம் தொடங்கிய நேரமாம். மூலத்தில் பிறந்த பெண் நுழைகிற வீட்டில் மாமனார் தங்கமாட்டாராம். சரி, சற்று முன்னால் கேட்டையிலேயே பிறந்திருந்தால்? புருஷனின் அண்ணனுக்கு ஆகாதாம். மறுநாள் பூராடத்தில்? புருஷனுக்கே ஆகாதாம். ஆக, வரிசையாக மூன்று நாளும் எந்த வீட்டில் பெண் பிறந்தாலும் எங்கோ ஒரு ஆண்பிள்ளை சாகத் தயாராக வேண்டும். ஆண்பிள்ளை பிறந்தால் மட்டும் யாருக்கும் தலைவலிகூட வராது. வானத்தில் இருக்கிற நட்சத்திரத்துக்கு இந்த ஓரவஞ்சனையை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். அம்மா என் தலையில் குட்டினாள். அதைத் தவிர வேறு பதில் இன்றுவரை கிடைக்கவில்லை.

அக்காவுக்கு மாப்பிள்ளை தேடிய காலத்தில் எங்கள் வீடு எப்படி ஆகிவிட்டது என்று சொன்னால் நீ வெட்கப்படுவாய். தரகர் வந்து உட்கார்ந்ததும் பையன் என்ன வேலை, எப்படி ஆள் என்றெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள். "பையனுக்கு அப்பா இருக்காரா?" என்பதுதான் முதல் கேள்வி. "இருக்காரு, நல்லா திடகாத்திரமா இருக்காரு" என்றால் அம்மா முகம் வாடிப்போகும். "அவரு போன ஆடியிலயே போய்ச் சேந்துட்டாரே" என்றால், "அப்படியா! காபி சாப்பிடுங்க" என்பாள். என் அம்மா கெட்டவள் இல்லை, மகனே. தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் அழுகிறவள். அவளை ஒரு தாளும் பன்னிரண்டு கட்டமும் இப்படி ஆக்கிவைத்தன. அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருப்பாள். ஒருநாள் மட்டும், "அப்பன் இல்லாத பயலாத் தேடுறீங்களே, நான் என்ன பொண்ணா, எமனா?" என்றாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. வாய்க்காரி பேசாமல் படுத்துக்கொண்டால் வீடு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் திருவாதவூரிலிருந்து ஒருவர் வந்தார். ஆண்டியப்பன் என்று பெயர். நிலபுலன் உள்ளவர், அய்யாவுக்குத் தூரத்து உறவு. பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய சிரிப்பு. கோயில் கொடைக்குச் சேலை எடுக்க வந்தவர், அய்யா வெளியே போயிருந்ததால் அக்காவிடம் விலை பேசினார். அவள் ஓரணாகூட இறங்கவில்லை. "உங்க வயல்ல நெல்லு இப்படித்தான் குறைச்சு விப்பீகளா மாமா? அப்பச் சொல்லுங்க, வண்டி கட்டிக்கிட்டு வாரோம்" என்றாள். மனுஷர் வயிறு குலுங்கச் சிரித்து, கேட்ட விலையைக் கொடுத்து, போகும்போது தம் மகன் சுந்தரத்துக்கு அக்காவைக் கேட்டுவிட்டுப் போனார். மாமனார் உயிரோடு இருக்கிறார். அதுவும் எம்புட்டு உயிரோடு! ஜாதகம் போனதும் அவர் சம்சாரம் ஒரே பிடியாக நின்றாள்: "மூலத்தை உள்ள விட்டுட்டு நான் மூலையில உக்காரணுமா?" கடைசியில் ஆண்டியப்பன் மாமா ஒரு வழி சொன்னார். அவர்கள் குலதெய்வத்திடம் பூக்கட்டிப் பார்ப்பது. ஒரு வாழையிலைப் பொட்டணத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. இரண்டையும் சாமி முன்னால் வைத்து, விவரம் தெரியாத குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் கல்யாணம். சிவப்பு வந்தால் சேலை வியாபாரத்தோடு சரி.

திருவாதவூருக்கு வெளியே கண்மாய்க்கரைக் கோயில். மல்லிகை நாங்கள் கொண்டுபோனோம், செவ்வரளி வேலியில் பறித்தது. பூசாரிக்குக் கண் மங்கல். என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அந்தப் பக்கம் போயிக் கட்டிக் கொண்டா. எதுல எது இருக்குன்னு எனக்கே தெரியக்கூடாது" என்றார். அவர் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தேன். எதில் எது என்ற குழப்பத்துக்கே இடம் வைக்கவில்லை. இரண்டிலும் மல்லிகை. அரளியைக் கண்மாயில் போட்டேன். பூசாரியின் பேத்தி ஒரு பொட்டணத்தை எடுத்தாள், பிரித்தார்கள், மல்லிகை மணந்தது, பெண்கள் குலவையிட்டார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் கோபுரம் இல்லாத கோயிலில் கோபுரத்தைப் பார்த்தேன். அப்போதுதான் மாமாவின் சம்சாரம், "அந்தப் பொட்டணத்தையும் பிரிங்க. செவப்பு இருக்கான்னு என் கண்ணால பாத்துக்கிடுறேன்" என்றாள். குலவை முழங்கும்போதே நான் அதைச் சாமி முன்னாலிருந்து எடுத்துவிட்டிருந்தேன். பொட்டணம் என் கையில் இருந்தது. பக்கத்தில் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா நின்றது. தன் ஆயுள்பலன் தெரியாமல் சந்தோஷமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. கையைக் கொஞ்சம் தாழ்த்தினேன். இலையும் பூவும் நாரும் ஒரே வாயில் உள்ளே போயின. போனபிறகு, "ஐயையோ, ஆடு!" என்று கத்தினேன். ஆண்டியப்பன் மாமா ஆட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஆட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி விடு. சாமியோட ஆடு, சாமியோட பூவு. பந்தியைப் போடுங்கப்பா" என்றார்.

ஆக, மகனே, இந்த மதுரைச் சீமையில் ஒரு ஜோசியரையும், ஒரு பூசாரியையும், ஒரு குலதெய்வத்தையும், இரண்டு குடும்பங்களையும் ஒரே நாளில் ஏமாற்றிய பதினாறு வயது வீரன் உன் தகப்பன். இந்த இடத்தில் நீ எழுந்து நின்று என்னைக் கும்பிட்டாலும் தடுக்கமாட்டேன். கிரகம் ஒன்பதும் சேர்ந்து செய்ய முடியாததை நான் ஒருமுழம் மல்லிகையில் செய்தேன். கல்யாணம் நடந்தது. சாமிக்கண்ணு ஜோசியரே வந்து முகூர்த்தம் குறித்துக் கொடுத்து, வேட்டி வாங்கிக்கொண்டு, "தெய்வ அனுக்கிரகம் மூல தோஷத்தை அமுக்கிருச்சு" என்றார். அமுக்கியவன் பந்தியில் மூன்றாவது அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான்.

கல்யாணம் முடிந்த இரண்டாம் மாதம் திருவாதவூரிலிருந்து ஆள் வந்தான். ஆண்டியப்பன் மாமா கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைக்கும்போது வடம் அறுந்து, கிணற்று மேட்டிலிருந்து உருண்டு, பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறார். பெண்ணை வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். சேதி எப்படியோ ஆற்றைத் தாண்டி யானைக்கல்லுக்கும் போயிருந்தது. ஜோசியர் வீடு தேடி வந்து, "நான் அப்பவே சொன்னேனா இல்லையா?" என்றார். முகூர்த்தம் குறித்த வாய் அதே வாய்தான். அதில் ஓங்கி ஒன்று கொடுத்திருக்க வேண்டும். என் கை எழவில்லை. சங்கிலி அண்ணன் வண்டியைக் கட்டினார். காளையாக வளர்ந்திருந்த அந்த வாகன யோகக்காரன்தான் இழுத்தான். வண்டி ஒத்தக்கடையைத் தாண்டியது. யானைமலை பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது. "எம்மகளைத் தெருவுல நிறுத்திருவாகளோ?" என்று அய்யா கேட்டார். நிஜமாகவே அன்று சிவப்புப் பூ வர வேண்டியிருந்ததோ, நான்தான் வழிமறித்துவிட்டேனோ என்று மாட்டின் ஒவ்வொரு அடிக்கும் ஒருதடவை நினைத்துக்கொண்டு வந்தேன்.

போய்ப் பார்த்தால் அக்கா வாசலுக்கு வெளியே, மாட்டுக்கொட்டகையில், கல்யாணத்துக்குக் கொடுத்த டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் சுந்தரம் கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் அக்கா, "வடம் இத்துப்போச்சு மாமா, மாத்துங்க, மாத்துங்கன்னு போன வாரமே சொன்னேன்டா. கேக்கலை மனுசன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மாமாவுக்கு அன்று மதியம் நினைவு திரும்பியது. தொடையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள். கண் திறந்ததும் முதலில் கஞ்சி கேட்டார், அப்புறம், "பேச்சி எங்க?" என்றார். சம்சாரம் தலையில் அடித்துக்கொண்டாள்: "இன்னும் அந்த மூலத்தையா கேக்குறீக? உங்களை வாரிக்கிட்டுப் போகப் பாத்துச்சே!" மாமா முனகலுக்கு நடுவில் சொன்னார்: "வடம் இத்ததுக்கு மூலம் என்னடி செய்யும்? நம்ம குலசாமி மல்லிகை குடுத்துச்சுல்ல? நீயும் பாத்தேல்ல? சாமி பொய் சொல்லிருச்சுன்னு சொல்லு பாப்போம். சொல்லுடி!" அவள் எப்படிச் சொல்வாள்? கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சற்று நேரத்தில் அவளே போய், "உள்ள வாம்மா, கஞ்சி எடுத்துக் குடு" என்றாள். அக்கா பெட்டியை விட்டு எழுந்தாள். என் திருட்டு மல்லிகை உன் அத்தையை இரண்டாம் தடவையும் அந்த வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது.

எல்லாரும் நகர்ந்தபிறகு மாமா விரலை அசைத்து என்னை அருகில் கூப்பிட்டார். "மாப்ள, உங்க செல்லூர்ல ஆடு அரளி திங்குமா?"

நான் அவர் தலையணையைச் சரிசெய்யப் போனேன்.

"எங்கூர்ல திங்காது. மோந்துபாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிடும். தப்பித் தவறித் தின்னாலும் அந்தி தாண்டாது. அந்தக் கிடா சப்புக்கொட்டித் தின்னுட்டு மறுநா என் பருத்திக் காட்டுல நிக்குது. வேலிக்கு எதுக்குடா அரளி வைக்கிறோம்? தறிக்காரப் பயலே, களவாங்குறதுன்னா ஆட்டைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டுக் களவாங்கணும்."

"தெரிஞ்சுமா மாமா கல்யாணத்தை…"

"எனக்குப் பொண்ணு வேணும். என் பொண்டாட்டிக்குப் பூ வேணும். நீ கட்டலேன்னா நானே கட்டியிருப்பேன். ஆனா உன்ன மாதிரி ஆட்டுக்குக் குடுக்கமாட்டேன்." சிரிக்கப் போய்த் தொடை வலித்து அலறினார்.

ஆக, இரண்டு குடும்பங்களை ஏமாற்றிய கணக்கில் பாதி பாதியாக ஒன்றை அடித்துவிடு. ஏனென்றால் அக்காவும் கோயிலிலேயே என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாளாம். இதோடு நிறுத்தியிருந்தால் பாதி வீரனாகவாவது மிஞ்சியிருப்பேன். அன்று அந்த வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் நான் எங்கே போனேன் என்று இன்னும் உனக்குச் சொல்லவில்லை. திருவாதவூர்க் கோயிலில் ஒரு சனீஸ்வரன் இருக்கிறார். அவருக்கே வாதம் வந்து அந்த ஊரில்தான் தீர்ந்தது என்பார்கள். வண்டி நின்றதும், ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று அய்யாவிடம் சொல்லிவிட்டு அங்கே ஓடினேன். எள் விளக்கு ஏற்றினேன். விழுந்து கும்பிட்டேன். "ஆண்டியப்பன் மாமா பிழைச்சா இனி உன்னை ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று வேண்டிக்கொண்டேன். பேசமாட்டேன் என்றுதான் வேண்டினேன், எழுதமாட்டேன் என்று வேண்டவில்லை. ஆனாலும் சனிக்கிழமை தோறும், எண்ணெய் வாங்கப் போகிறவன் போலக் கிண்ணத்தோடு போய், செல்லூர்க் கோயிலில் விளக்கேற்றிவிட்டு வருகிறேன். மணல் கூட்டத்தில் முன்வரிசையில் கை தட்டும்போது உள்ளங்கையில் எள்ளெண்ணெய் வாசம் வருகிறது. பக்கத்தில் இருப்பவர் மூக்கைச் சுளிப்பார். நானும் யாரோ மூடன் என்பது போலத் திரும்பிப் பார்ப்பேன்.

அக்கா இப்போது தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். திருவாதவூர் மாமா தடி ஊன்றி நடக்கிறார். போன வாரம் வந்து அரைப்படி அதிரசம் தின்றுவிட்டுப் போனார். பிள்ளை பிறக்கிற நேரம் பிசகக்கூடாது என்று அம்மா தெருத்தெருவாகக் கடிகாரம் இரவல் கேட்டு அலைகிறாள். "கடிகாரம் இந்தப் படி ஏறுச்சு, கிணத்துல கிடக்கும்" என்று அக்கா சொல்லிவிட்டாள். இந்த வீட்டில் ஜோசியத்தை நிஜமாகவே மதிக்காத ஆள் அவள் ஒருத்திதான். அவளுக்கு மணல் கூட்டம் எந்தத் திசையில் நடக்கிறது என்றுகூடத் தெரியாது.

இதுவரை எழுதியதைச் சற்றுமுன் என் கையிலிருந்து பிடுங்கிப் படித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய், "ஏண்டா, மகனே மகனேன்னு பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்கியே, மகன்னு உனக்கு யாருடா சொன்னது?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். சாமிக்கண்ணு ஜோசியர்தான் வாயில் வந்தார். மூடிக்கொண்டேன்.

"பொம்பளப் பிள்ளையாப் பிறந்தா யாருக்குடா இதைக் குடுப்ப? அடிச்சு எழுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். நியாயம்தான். நீ யாராக இருந்தாலும், எந்த நட்சத்திரத்தில் வந்தாலும், இந்தக் கடிதம் உனக்குத்தான். முதல் வார்த்தையை அடிக்கலாம் என்று பேனாவை மையில் தோய்த்தேன். அப்போது பஞ்சாலையில் மூன்று மணிச் சங்கு ஊதியது. இன்று செவ்வாய்க்கிழமை. ராகுகாலம் தொடங்கிவிட்டது.

நாலரைக்கு மேல் அடித்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன். அக்காவிடம் சொல்லிவிடாதே.